காசியைக் குறைந்த செலவில் சுற்றிப் பார்க்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசியில் கையிருப்பு கரைவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால்தான். ஒன்று, ஆற்றங்கரையை விட்டுத் தள்ளி அறை எடுப்பது. இன்னொன்று, விலையைக் கேட்காமல் படகிலோ ரிக்ஷாவிலோ ஏறி உட்காருவது. இந்த இரண்டிலும் உஷாராக இருப்பவருக்கு இது இந்தியாவிலேயே மலிவாகச் சுற்றக்கூடிய ஊர்களில் ஒன்று. திதி, பிண்டம் முதலிய கர்ம காரியங்களுக்கான வழிகாட்டல் இதில் இல்லை. ஊரைப் பார்க்க வருபவர்கள் கேட்கும் கேள்விகள் மட்டும்.

காசி, வாராணசி, பனாரஸ் என்று மூன்று ஸ்டேஷன் காட்டுகிறதே, எதற்கு டிக்கெட் எடுப்பது?

பெயரைப் பார்த்து நம்மவர்கள் தேர்ந்தெடுப்பது 'காசி' ஸ்டேஷனை. அது ராஜ்காட் பாலத்தருகே உள்ள சிறிய நிலையம், மிகக் குறைந்த ரயில்களே நிற்கும். பிரதான நிலையம் வாராணசி ஜங்ஷன். உள்ளூரில் 'கேண்ட்' என்றால்தான் புரியும். 'பனாரஸ்' என்பது 2021 வரை மண்டுவாடி என்று இருந்த நிலையம். ஆட்டோக்காரரிடம் இன்றும் மண்டுவாடி என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார். நான்காவதாக ஒன்றும் உண்டு: பண்டிட் தீனதயாள் உபாத்யாயா ஜங்ஷன், அதாவது பழைய முகல்சராய். ஊரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர், கங்கைக்கு அக்கரை. நேரடி ரயில் கிடைக்காதவர்களுக்கு இதுதான் கைகொடுக்கும்.

முகல்சராயிலிருந்து பாலம் கடந்து வரும் ரயிலில் இடது பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'காட்' எனப்படும் படித்துறைகளின் வரிசை முழுவதும் வளைந்து தெரியும். இந்தக் காட்சிக்குக் கட்டணம் கிடையாது.

தமிழ்நாட்டிலிருந்து நேரடி ரயில் உண்டா?

உண்டு. சென்னையிலிருந்து கங்கா காவேரி எக்ஸ்பிரஸ் வாரம் இருமுறை, ராமேஸ்வரத்திலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் பனாரஸ் நிலையத்துக்கு வாரம் ஒருமுறை. கன்னியாகுமரி ரயிலுக்குப் பெயரே காசி தமிழ். 2023 டிசம்பரில் தொடங்கப்பட்டது. இவற்றில் இடமில்லை என்றால், பெங்களூரிலிருந்து பெரம்பூர் வழியாகத் தினமும் போகும் சங்கமித்ரா எக்ஸ்பிரஸில் முகல்சராய் வரை எடுத்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் வந்துவிடலாம்.

முன்பதிவு 60 நாட்களுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கும். இந்த ரயில்களில் ஸ்லீப்பர் சீக்கிரம் தீர்ந்துவிடுவதால் தேதியை முடிவு செய்த அன்றே காலண்டரில் குறித்து வையுங்கள். திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுங்கள். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள்தான் கடைசியில் தட்கலுக்குக் கூடுதலாகக் கொடுப்பார்கள்.

ஸ்டேஷனிலிருந்து ஆற்றங்கரைக்குப் போக என்ன வழி?

கேண்ட்டிலிருந்து கோதௌலியா சந்திப்பு ஏறக்குறைய 4 கிலோமீட்டர். ஸ்டேஷன் வாசலில் நிற்கும் ஆட்டோக்காரரிடம் கேட்டால் அவர் சொல்வது தனி வண்டிக்கான விலை. வளாகத்தை விட்டு வெளியே மெயின் ரோட்டுக்கு நடந்து வந்து, 'கோதௌலியா, கோதௌலியா' என்று கூவும் ஷேர் ஈ-ரிக்ஷாவில் ஏறினால் தலைக்கு 20, 30 ரூபாயில் முடிந்துவிடும். ஏறும்போது 'ஷேரிங்?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்கவில்லையென்றால் காலி வண்டியில் உங்களை மட்டும் ஏற்றிக்கொண்டு வந்து 'ரிசர்வ்' என்பார்.

கோதௌலியாவுக்கு அப்பால் பகலில் வண்டிகளுக்குப் பெரும்பாலும் அனுமதி இல்லை. அங்கிருந்து தசாஸ்வமேத காட் வரை நடைதான். சக்கரம் வைத்த சூட்கேஸ் இந்த ஊர்க் கல் சந்துகளில் உருளாது, படிகளில் தூக்கித்தான் போக வேண்டும். தோளில் மாட்டும் பை நல்லது.

எங்கே தங்குவது?

ஸ்டேஷன் பக்கம் அறை 200 ரூபாய் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதிகாலை ஒருமுறை, மாலை ஒருமுறை ஆற்றுக்கு வந்து போகும் வண்டிச் செலவு அந்த 200-ஐ விழுங்கிவிடும். கேதார் காட்டிலிருந்து தசாஸ்வமேதம் வரையிலான சந்துகளில் எடுப்பதுதான் கணக்கு. கோயில், படகு, ஆரத்தி, கடை எல்லாமே நடக்கும் தூரம். அஸ்ஸி காட் பக்கம் டார்மிட்டரிகள் அதிகம். கூட்டமும் சத்தமும் குறைவு, ஆனால் விஸ்வநாதர் கோயிலுக்கு கரை வழியாக 40, 45 நிமிட நடை.

டார்மிட்டரிக் கட்டில் சாதாரண நாட்களில் சுமார் 300 முதல் 600 ரூபாய். 'கங்கை தெரியும் அறை' என்றால் விலை இரட்டிப்பாகும். காலையிலிருந்து இரவு வரை நீங்கள் கரையில்தான் இருக்கப் போகிறீர்கள். ஜன்னலுக்குக் காசு கொடுப்பது வீண். மொட்டை மாடி இருக்கிறதா, வெந்நீர் வருமா, இரவு எத்தனை மணிக்குக் கதவைப் பூட்டுவார்கள், இதைக் கேளுங்கள் போதும்.

தமிழர்களுக்குப் பழகிய இடம் கோதௌலியா அருகே உள்ள நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம். கேதார் காட், ஹனுமான் காட் பகுதியிலும் தென்னிந்திய மடங்களும் சத்திரங்களும் உண்டு. சத்திரங்களில் தனியாக வரும் ஒருவருக்கு அறை தர யோசிப்பார்கள். குடும்பம், குழு என்றால் எளிது. முன்கூட்டியே பேசிவிட்டு, ஒவ்வொருவரின் அசல் ஆதாரும் கையில் இருக்கும்படி போங்கள்.

எத்தனை நாள் வேண்டும், நாளைக்கு எவ்வளவு ஆகும்?

இரண்டு முழு நாள் ஊருக்கு, அரை நாள் பக்கத்திலுள்ள பௌத்தத் தலமான சாரநாத்துக்கு. ஒரே நாளில் எல்லாவற்றையும் அடக்கப் பார்த்தால் ஆட்டோவுக்குத்தான் பணம் போகும்.

கட்டில் 500, சாப்பாடும் டீயும் 300, ஷேர் வண்டி 80, படகு அல்லது நுழைவுச் சீட்டு 150 என்று வைத்தால் தலைக்குச் சுமார் ஆயிரம் ரூபாய். இரண்டு பேர் சேர்ந்து ஒரு சாதா அறை எடுத்தாலும் ஏறக்குறைய இதே கணக்குதான் வரும்.

எந்த மாதம் போகலாம்?

அக்டோபர் பிற்பகுதி முதல் மார்ச் நடுப்பகுதி வரை. அதிலும் டிசம்பர் கடைசி, ஜனவரி மாதங்களில் பனிமூட்டத்தால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும்; காலை 9 மணி வரை அக்கரையே தெரியாது. ஸ்வெட்டர் மட்டும் போதாது, காதுக்குக் குல்லாவும் வேண்டும். மே, ஜூனில் வெயில் 45 டிகிரியைத் தொடும். ஆகஸ்ட், செப்டம்பரில் ஆறு ஏறி காட் படிகள் மூழ்கிவிடும். ஒரு காட்டிலிருந்து அடுத்ததற்குக் கரையோரமாக நடக்க முடியாது, படகும் நிறுத்தப்படும். அறை மலிவாகக் கிடைக்கிறதே என்று அந்த மாதங்களில் போனால், பார்க்க வந்ததில் பாதி தண்ணீருக்கடியில் இருக்கும்.

தவிர்க்க வேண்டிய நாட்களும் உண்டு: மகாசிவராத்திரி, வடநாட்டு சாவன் மாத (ஜூலை, ஆகஸ்ட் வாக்கில்) திங்கட்கிழமைகள், கார்த்திகைப் பௌர்ணமியன்று வரும் தேவ் தீபாவளி. தேவ் தீபாவளிக்குக் கரை முழுவதும் விளக்கேற்றுவது காணக் கிடைக்காத காட்சிதான். ஆனால் அன்று அறை வாடகையும் படகுக் கூலியும் பல மடங்கு ஏறும்.

விஸ்வநாதர் கோயிலுக்குச் செல்போன் கொண்டுபோகலாமா?

கூடாது. செல்போன், ஸ்மார்ட் வாட்ச், இயர்போன், சார்ஜர், பேனா எதையும் சோதனையில் விடமாட்டார்கள். வாசல் சந்துகளில் இருக்கும் கடைக்காரர்கள் 'லாக்கர் ஃப்ரீ' என்று கூப்பிடுவார்கள். ஃப்ரீதான், ஆனால் பூத்தட்டும் பேடாவும் அவரிடமே வாங்க வேண்டும். தட்டின் விலையைத் திரும்பி வந்தபின் சொல்வார். கோயில் நிர்வாகமே வைத்திருக்கும் லாக்கரைக் கேட்டுப் போங்கள். அதைவிட நல்லது, போனை அறையிலேயே பூட்டிவிட்டு, 200 ரூபாய் சில்லறையும் ஆதார் அட்டையும் மட்டும் எடுத்துப் போவது. போன் இல்லையென்றால் யூபிஐ இல்லை என்பதைப் பலர் வரிசையில் நிற்கும்போதுதான் உணர்கிறார்கள். குழுவாகப் போனால் வெளியே வந்தபின் சந்திக்கும் இடத்தை, வாசல் எண்ணோடு, முன்பே பேசி வையுங்கள்.

இலவச வரிசை சாதாரண நாட்களில் ஒன்று முதல் மூன்று மணி நேரம் ஆகலாம். 'சுகம் தரிசனம்' என்ற கட்டண வரிசைக்குச் சுமார் 300 ரூபாய், விசேஷ நாட்களில் கூடும். இதைக் கோயிலின் இணையதளத்திலோ கவுண்டரிலோ மட்டும் வாங்குங்கள். 'விஐபி தரிசனம், நான் கூட்டிப் போகிறேன்' என்று சந்தில் தோளில் கைபோடுபவரை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். காசு மிச்சம் பிடிக்க நேரம்தான் வழி: மங்கள ஆரத்தி முடிந்து பொது தரிசனம் திறக்கும் அதிகாலை 4 மணி சுமாருக்கு வந்துவிடுங்கள். இல்லையென்றால் கூட்டம் வடியும் இரவு நேரம். திங்கள் வேண்டாம்.

உள்ளே போயும் லிங்கத்தைப் பார்க்கவே முடியவில்லை என்கிறார்களே?

பார்வை தப்பான இடத்தில் இருப்பதால்தான். நம்மூர்க் கோயிலில் மூலவர் நேர் எதிரே உயரத்தில், தீபத்துக்குப் பின்னால் இருப்பார். கண் தானாக அங்கே போகும். இங்கே கர்ப்பக்கிரகம் சிறிய அறை, நான்கு பக்கமும் வாசல். லிங்கம் நட்டநடுவில்கூட இல்லை. ஒரு மூலையை ஒட்டி, தரையோடு தரையாக, வெள்ளித் தகடு போட்ட சதுரத் தொட்டிக்குள் இருக்கிறது. உயரம் சுமார் 60 சென்டிமீட்டர்தான். பூவும் வில்வமும் பாலும் மேலே விழுந்துகொண்டே இருப்பதால் பாதி நேரம் அதுவும் மறைந்திருக்கும். வாசலுக்கு வந்ததும் கீழே பாருங்கள். உங்களுக்குக் கிடைப்பது சில நொடிகள். மேலே தேடிக்கொண்டிருந்தால் அதற்குள் காவலர் 'சலியே' என்று நகர்த்திவிடுவார்.

உள்ளே போய்த் தொட்டு வணங்கும் ஸ்பர்ஷ தரிசனம் கூட்டமில்லாத நாட்களில், குறிப்பிட்ட நேரத்தில் மட்டும். தரை எப்போதும் ஈரம், வழுக்கும்.

இப்போதுள்ள கோயில் இந்தூர் ராணி அகல்யாபாய் ஹோல்கர் 1780-இல் கட்டியது. விமானத்துக்கான பொன்னை வழங்கியவர் பஞ்சாபின் மகாராஜா ரஞ்சித் சிங். கோயிலையும் கங்கையையும் இணைக்கும் அகன்ற வளாகம் 2021 டிசம்பரில் திறக்கப்பட்டது. சந்து நெரிசலில் சிக்காமல் லலிதா காட் பக்கமிருந்து படியேறி நேராக உள்ளே வரலாம்.

படகுக்கு எவ்வளவு கொடுப்பது?

தொகையைவிட பேசும் முறைதான் முக்கியம். ஏறுவதற்கு முன் நான்கு விஷயம்: விலை தலைக்கா, மொத்தப் படகுக்கா? எங்கிருந்து எதுவரை? எத்தனை நிமிடம்? ஏறிய இடத்திலேயே இறக்குவாரா? 'நூறு ரூபாய்' என்று சொல்லி ஏற்றி, இறங்கும்போது 'தலைக்கு நூறு, போக மட்டும்' என்பது பழைய வித்தை. பணத்தை இறங்கிய பிறகே கொடுங்கள்.

ஷேர் படகில் சாதாரணமாகத் தலைக்கு 100 முதல் 200 ரூபாய். தனியாக எடுப்பதென்றால் நான்கைந்து பேர் சேர்ந்துகொள்வது லாபம். மோட்டார் படகு சீக்கிரம் போய்வந்துவிடும், ஆனால் இரைச்சலில் எதையும் அனுபவிக்க முடியாது. துடுப்புப் படகே மேல். தசாஸ்வமேதத்தில் கேட்பதைவிடச் சற்றுத் தள்ளி தர்பங்கா காட் அல்லது கேதார் காட்டில் கேட்டால் விலை இறங்கும்.

போக வேண்டியது சூரிய உதயத்துக்கு முன். இங்கே கங்கை வடக்கு நோக்கி ஓடுகிறது, ஊர் முழுவதும் மேற்குக் கரையில். அக்கரை மணல்வெளியில் எழும் சூரியன் காட்களின் முகத்தில் நேராக விழும். மாலையில் சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் போய்விடும். 'சன்செட் போட்டிங்' என்று விற்பதில் சூரியனைத் தவிர மற்றதெல்லாம் இருக்கும்.

படகே வேண்டாம் என்றாலும் குறையில்லை. அஸ்ஸியிலிருந்து மணிகர்ணிகா வரை கரையோரம் நிறுத்தி நிதானமாக நடக்க ஒன்றரை மணி நேரம், செலவு ஒரு டீ.

கங்கா ஆரத்தியை எங்கிருந்து பார்ப்பது?

தசாஸ்வமேத காட்டில் தினமும் இருட்டும் நேரத்தில்: குளிர்காலத்தில் 6 மணி சுமாருக்கு, கோடையில் 7-ஐ ஒட்டி. முக்கால் மணி நேரம் நடக்கும். படிகளில் உட்கார்ந்து பார்ப்பது இலவசம், ஒரு மணி நேரம் முன்பே வந்துவிட வேண்டும். நாற்காலி போட்டு வைத்து 'சீட், சீட்' என்பவர்களுக்குப் பணம் தரத் தேவையில்லை. கையில் விளக்கு வைத்த பூத்தொன்னையைத் திணிக்கும் பிள்ளைகளிடம் வாங்கும்போதே விலை கேளுங்கள்.

நெரிசல் பிடிக்காதவர்கள் அஸ்ஸி காட் போகலாம். அங்கே மாலையில் மட்டுமல்ல, விடியற்காலையிலும் ஆரத்தி உண்டு, தொடர்ந்து சாஸ்திரிய சங்கீதமும் யோகாவும். எங்களைக் கேட்டால் அதற்குத்தான் அலாரம் வைப்போம்.

பிணங்களை எரிக்கும் மணிகர்ணிகா காட்டைப் பார்க்கலாமா?

பார்க்கலாம், படம் எடுக்கக் கூடாது. படகிலிருந்தும் கூடாது. எரிந்துகொண்டிருப்பது ஒரு குடும்பத்தின் அப்பாவோ அம்மாவோ.

இங்கே ஒரு ஏமாற்று வழக்கமாக நடக்கும். மரியாதையாகப் பேசும் ஒருவர் வந்து 'நான் இங்கே சேவை செய்பவன்' என்று சொல்லி, நன்றாகத் தெரியும் ஒரு மாடத்துக்கு அழைத்துப் போவார். சடங்குகளை விளக்குவார். பிறகு, சாவுக்காகக் காத்திருக்கும் ஏழைகளுக்கு விறகு வாங்க நன்கொடை என்பார். விறகு கிலோ இத்தனை ரூபாய், ஒரு உடலுக்கு இத்தனை கிலோ என்று கணக்கும் சொல்வார். மறுத்தால் குரல் மாறும், இன்னும் இரண்டு பேர் சேர்வார்கள். அவர் பின்னால் மாடி ஏறாமல் இருப்பதே ஒரே தற்காப்பு. மேலே, காட்டின் ஓரத்தில் ஒதுங்கி நின்று பத்து நிமிடம் பார்த்துவிட்டு வந்தால் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை.

சந்துகளில் வழி தெரியாமல் போனால்?

போகும், அது நிச்சயம். நெருக்கமான கட்டடங்களுக்கு நடுவே போன் வரைபடம் குழம்பும். நீங்கள் நிற்பது பக்கத்துச் சந்து என்று காட்டும். 'கங்காஜி கிதர்?' என்று கேட்டு ஆற்றுக்கு இறங்கிவிடுங்கள். காட் சுவர்களில் பெயர் பெரிதாக எழுதியிருக்கும். கரையோரம் நடந்து உங்கள் காட்டுக்கு வந்து மேலே ஏறிக்கொள்ளலாம். அதனால் அறைக்குப் பக்கத்து காட்டின் பெயரை முதல் நாளே மனப்பாடம் செய்யுங்கள். மாடு எதிரே வந்தால் அதற்குத்தான் வழி. பின்னாலிருந்து 'ராம் நாம் சத்ய ஹை' என்று குரல் கேட்டால் சுவரோரம் ஒதுங்குங்கள், பாடை வருகிறது.

சாப்பாடு?

காலையில் கச்சோரி, சப்ஜி, ஜிலேபி. மந்தார இலைத் தொன்னை போன்ற இலைக் கிண்ணத்தில் பெருங்காய மணத்தோடு உருளைக்கிழங்குக் குழம்பு வரும்; 50, 60 ரூபாயில் வயிறு நிறையும். 10 மணிக்கு மேல் போனால் ஆறிப்போனதுதான் கிடைக்கும். எண்ணெய் கொதித்துக்கொண்டிருக்கும், கூட்டம் நிற்கும் கடையாகப் பாருங்கள். மாலையில் டமாட்டர் சாட், மண் குவளையில் லஸ்ஸி. சாம்பலில் சுட்ட 'பாட்டி' என்ற கோதுமை மாவு உருண்டையும் 'சோக்கா' என்ற கத்திரிக்காய் மசியலும் பூர்வாஞ்சல் (கிழக்கு உத்தரப் பிரதேச) ஊர்களின் அசல் சாப்பாடு, ஒருவேளையாவது சாப்பிடுங்கள்.

குளிர்காலத்தில் போகிறவர்கள் மலையோவைத் தவற விட வேண்டாம். காய்ச்சிய பாலை இரவு முழுவதும் திறந்தவெளியில் பனியில் வைத்து, விடியற்காலையில் கடைந்து, திரளும் நுரையை மட்டும் எடுத்துக் குங்குமப்பூ சேர்த்துக் குவளையில் தருவார்கள். வாயில் வைத்தால் இருந்த இடம் தெரியாது. வெயில் ஏறினால் நுரை அடங்கிவிடும், அதனால் காலையோடு வியாபாரம் முடிந்தது. கோடையில் 'மலையோ' என்று எங்காவது விற்றால் அது வேறு ஏதோ.

தண்டாயி என்ற மசாலாப் பால் கேட்கும்போது 'பாங் நஹி' (கஞ்சா இலை விழுது வேண்டாம்) என்று சொல்லிவிடுங்கள்.

சோறு, சாம்பார், ரசம் இல்லாமல் முடியாது என்பவர்கள் ஹனுமான் காட், கேதார் காட் சந்துகளிலும் நகரச் சத்திரத்திலும் விசாரிக்கலாம். சத்திரங்களில் எத்தனை பேர் சாப்பிடுவீர்கள் என்று காலையிலேயே சொல்லிவிட வேண்டும். பசித்தபின் போய் நின்றால் கிடைக்காது.

தமிழரோடு தொடர்புள்ள இடங்கள் எவை?

ஒரு பகல் முழுக்க நடந்தே பார்க்கலாம். ஹனுமான் காட்டில் தொடங்குங்கள். தந்தை இறந்தபின் 1898-இல் அத்தை குப்பம்மாள் வீட்டுக்கு வந்த பாரதி நான்காண்டுகள் வாழ்ந்த இடம். அந்த வீட்டில் ஒரு பகுதியைத் தமிழக அரசு நினைவில்லமாக்கி 2022-இல் திறந்தது. அருகிலேயே தென்னாட்டுக் கோபுரத்தோடு காமகோடீஸ்வரர் கோயில். கரையோரம் பத்து நிமிடம் வடக்கே நடந்தால், சிவப்பும் வெள்ளையும் பட்டை அடித்த கேதார் காட். கேதாரேஸ்வரர் கோயிலும், 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் நிறுவிய மடமும் இங்கே. இந்த மடத்தின் தொடர்ச்சிதான் திருப்பனந்தாள் காசி மடம். மீர் காட் மேலே விசாலாட்சி கோயில், நகரத்தார் திருப்பணி. சிறிய கோபுரத்தைப் பார்த்ததும் நம்மூர் வேலை என்று தெரிந்துவிடும். விஸ்வநாதர் பூஜைக்கு நகரச் சத்திரத்திலிருந்து தினமும் பால், சந்தனம், பூ ஆகியவற்றைச் 'சம்போ' முழக்கத்தோடு எடுத்துப் போகும் வழக்கமும் தலைமுறைகளாக நடக்கிறது. சத்திரத்தில் நேரம் கேட்டுக்கொண்டு சந்தில் நின்றால் பார்க்கலாம்.

சாரநாத்துக்கு டாக்ஸி வேண்டுமா?

வேண்டாம். ஊரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் மாறி மாறிப் போய்விடலாம். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்று அருங்காட்சியகம் விடுமுறை. நம் தேசியச் சின்னத்தின் மூலமான நான்கு சிங்கத் தலை அங்கேதான் இருக்கிறது. அதைப் பார்க்காமல் வருவதில் அர்த்தமில்லை. அகழ்வாய்வுப் பகுதிக்கு நுழைவு 25 ரூபாய், 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். தாமேக் ஸ்தூபியைச் சுற்றி வரும்போது கீழ்ப்பகுதிக் கல்லில் குப்தர் காலக் கொடி வேலைப்பாடு ஓடுவதைக் கவனியுங்கள். அசோகர் தூணின் உடைந்த அடிப்பகுதியும் வளாகத்துக்குள் உண்டு.

கங்கையில் குளிக்கலாமா?

குளிக்கலாம், இறங்கும் இடத்தில் கவனம் வேண்டும். தண்ணீருக்கடியில் படிகளில் பாசி. அடுத்த படி இருக்கும் என்று கால் வைத்தால் ஆழம். சங்கிலி அல்லது தடுப்பு உள்ள இடத்தில், இடுப்பளவுக்கு மேல் போகாமல் குளியுங்கள். படியில் 'சங்கல்பம் செய்கிறேன்' என்று மந்திரம் தொடங்குபவரிடம் தொகையை முதலில் பேசுங்கள். கையில் தண்ணீரை ஏந்திய பிறகு பேரம் பேச முடியாது.

பனாரஸ் பட்டு?

ஆட்டோக்காரர், படகுக்காரர், வழிகாட்டி யார் அழைத்துப் போனாலும் அவர் கமிஷன் உங்கள் புடவை விலையில்தான் ஏறும். 'நெசவுக் கூடம் சும்மா பாருங்கள்' என்பதும் கடைசியில் கடையில்தான் முடியும். வாங்குவதென்றால் சௌக் பகுதியில் நீங்களாகவே நான்கு கடை ஏறி இறங்குங்கள். அசல் பட்டுக்கான 'சில்க் மார்க்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தி தெரியாமல் சமாளிக்க முடியுமா?

முடியும். 'கித்னா?' (எவ்வளவு), 'நஹி சாஹியே' (வேண்டாம்), 'பஸ்' (போதும்): இந்த மூன்றும் எண்களும் போதும். 'நஹி சாஹியே' என்று ஒருமுறை சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருங்கள். நின்று விளக்கம் சொன்னால் பேரம் தொடங்கிவிட்டதாக அர்த்தம்.

கடைசி நாள் அறையைக் காலி செய்தபின் பையை என்ன செய்வது?

பெரும்பாலான விடுதிகள் மாலை வரை வைத்துக்கொள்ளும், காசு கேட்பதில்லை. இல்லையென்றால் கேண்ட் நிலையத்தில் பொருள் வைப்பறை இருக்கிறது. பைக்குப் பூட்டு போட்டிருந்தால்தான் வாங்குவார்கள், ஒரு சிறு பூட்டு கொண்டுபோங்கள். மாலை ஆரத்திக்குப் பின் கோதௌலியாவிலிருந்து வண்டி பிடிக்கவே அரை மணி நேரம் ஆகும். இரவு 9 மணிக்கு ரயில் என்றால் அன்று ஆரத்திக்குப் போக வேண்டாம்.